வெறும் வயிற்றில் நாலு மாத்திரை

வலியசாலை,
திருவனந்தபுரம்,
8.1.2024

அன்புள்ள மதினிக்கு, சிவகாமி நமஸ்காரம் சொல்லி எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இன்று அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? காது மிஷினை மாட்டுகிறீர்களா, இல்லை அது பீரோவிலேயே தூங்குகிறதா? நேற்று போனில் நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்களுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. உங்களுக்குத்தான் பாதிக்கு மேல் கேட்கவில்லை. அதனால் எழுதி ஷிபுவிடம் கொடுத்தனுப்புகிறேன். தினமும் சுசீந்திரத்திலிருந்து நம் ஆரியசாலைக் கடைக்கு ரயிலில் வந்துபோகிறவர் இருக்கும்போது தபாலை எதற்கு நம்ப வேண்டும்?

உங்கள் தம்பிக்கு ஒரு வருஷமாக இருந்தது வாய்வும் இல்லை, கருப்பட்டி மூட்டையைத் தூக்கியதால் வந்த இடுப்புப் பிடிப்பும் இல்லை. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம், புராஸ்டேட் என்று பெயர். அதில் புற்று. அங்கேயே நின்றிருந்தால் சுலபமாம். நிற்கவில்லை. இடுப்பெலும்பு, முதுகெலும்பு இரண்டிலும் ஏறியிருக்கிறது. பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. நாலுக்குள் இருக்க வேண்டியது இவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தபோது புள்ளி எங்கேயோ விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் ஸ்ரீஜித் நல்ல மனிதர். உட்கார வைத்துப் பேசினார். ஹார்மோனை அடக்கும் ஊசி, அதோடு தினமும் நாலு வெள்ளை மாத்திரை, இது எல்லாருக்கும் கொடுப்பதுதான். இப்போது இதோடு புதிதாக ஒரு கேப்ஸ்யூலையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் இன்னும் அதிக நாள் அடங்கியிருக்குமா என்று பல ஊர்களில் பார்க்கிறார்களாம். அதில் இவரைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார். பாதிப் பேருக்குக் கேப்ஸ்யூலில் மருந்து இருக்கும், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஆனால் ஊசியும் நாலு மாத்திரையும் எப்படியும் உண்டு. மாசாமாசம் ரத்தம் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பார்கள்.

நீங்கள் விஷயத்தைப் பாதி கேட்டுவிட்டு, என் தம்பியைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறாயா என்று அழுதீர்கள். அதை அப்படியே அஸ்வதியிடம் சொன்னேன். அஸ்வதி என்பது இந்த ஆராய்ச்சிக்கென்றே இருக்கிற நர்ஸ், நெடுமங்காட்டுப் பெண். எலியோட யாரும் சம்மதம் கேக்கில்லல்லோ அம்மே, சாருக்கு வேண்டான்னா எப்போ வேணும்னாலும் இறங்கிப் போகலாம் என்றாள். சம்மதத் தாளின் இருபத்திரண்டு பக்கத்தையும் வரிவரியாகப் படித்துக் காட்டினாள். நான்தான் எட்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டேன்.

ஆனால் உங்கள் தம்பி என்ன செய்தார் தெரியுமா? பேனாவைக் கையில் வாங்கினார், மூடிவைத்தார். அக்கா சொல்லாம ஒப்பு போடமாட்டேன் என்றுவிட்டார். அறுபத்தாறு வயது! டாக்டர் என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். மூன்று வயதில் தாயில்லாமல் போனவரை இடுப்பில் வைத்து வளர்த்தது நீங்கள். அதை நான் மறுக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் பெரிய முடிவு எல்லாம் சுசீந்திரத்திலிருந்துதான் வருகிறது, அதையும் சகித்துக்கொண்டேன். இந்த ஒன்றில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள்.

பதினெட்டாம் தேதிக்குள் கையெழுத்தாக வேண்டும். பயமாக இருக்கிறது மதினி. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக அவருக்கு வினீத்தின் தோள் வேண்டியிருக்கிறது. பெற்ற மகன் தோளைப் பிடிக்கவே கூச்சப்பட்டு வலியோடு படுத்துக் கிடக்கிறார். ஷிபுவிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அது போதும்.

உங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
சிவகாமி


வலியசாலை,
30.5.2024

மதினிக்கு, சிவகாமி எழுதுவது.

இரண்டு வாரமாக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தோம், ஷிபு மேலோட்டமாகச் சொல்லியிருப்பார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் பிழைத்துக்கொண்டார், வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது பேப்பர் படித்துக்கொண்டு இருக்கிறார். மீதியை உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் சரி என்று சொன்ன பிறகு எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஏப்ரலில் ஒன்பதுக்கு வந்தது. ஒன்பது! நான் அந்தக் காகிதத்தைப் பூஜையறையில் வைத்தேன். இடுப்பு வலி பாதி குறைந்தது. தெருமுனை வரை நடந்துபோய்ப் பூ வாங்கி வந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் இவர் எனக்குப் பூ வாங்கியது அதுதான் முதல் தடவை, ஆகவே மருந்து மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று வினீத்திடம் கேட்டேன்.

மே மாதம் கால் வீங்க ஆரம்பித்தது. தலை கனக்கிறது என்றார். இருபதாம் தேதி மாதப் பரிசோதனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் நூற்றுத்தொண்ணூறு. உடம்பில் பொட்டாசியம் என்ற உப்பு பாதாளத்துக்குப் போயிருக்கிறது, இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று அங்கேயே படுக்கப் போட்டுவிட்டார்கள். மாத்திரை, கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். சலைன் வழியாக அந்த உப்பை ஏற்றினார்கள், அது ஏறும்போது கை எரிகிறது என்று குழந்தை மாதிரி அழுதார்.

டாக்டர் ஸ்ரீஜித்துக்குக் குழப்பம். வெள்ளை மாத்திரையால் இப்படிக் கொஞ்சம் வருமாம், இவ்வளவு வரக்கூடாதாம். அப்படியானால் புதுக் கேப்ஸ்யூலோடு சேர்ந்ததால் வந்த கெடுதல் என்று எழுதி இவரை ஆராய்ச்சியிலிருந்து இறக்க வேண்டியிருக்கும் என்றார். ஒன்பதுக்கு வந்ததை விட்டுவிட்டு இறங்குவதா? மற்ற நோயாளிகளுக்கும் இந்தக் கூட்டு மருந்து கொடுப்பது நின்றுபோகலாம் என்று வேறு சொன்னார்.

அஸ்வதி நம் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறாள். தினமும் காலையில் மாத்திரை எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று நான் எழுதி வைக்கிற டைரி. வெறும் வயிறு, வெறும் வயிறு என்று நாலு மாதம் வரிசையாக இருக்கிறது. அந்த வெள்ளை மாத்திரையைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், போட்ட பிறகும் ஒரு மணி நேரம் ஒன்றும் உள்ளே போகக்கூடாது. டைரியில் ஒரு குறையும் இல்லை. அவள் தலையைச் சொறிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஷிபு வந்தார், ரயிலிலிருந்து நேராக. நீங்கள் வாராவாரம் கொடுத்தனுப்புகிற அந்தத் தூக்குச் சட்டியோடு. அனுமாருக்குச் சாத்திய வெண்ணெய். அஸ்வதி அதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு உருள தரில்லே சாரே என்று விளையாட்டாகக் கேட்டாள். உங்கள் தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையாக, இது சும்மா திங்க இல்ல மோளே, மாத்திரைக்குத் துணை, எங்க அக்கா அனுப்புறது, தினம் ஒரு உருண்டை வச்சு அதுலதான் நாலையும் முழுங்குவேன் என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

எலுமிச்சை அளவு வெண்ணெய், மதினி. கொழுப்போடு சேர்ந்தால் அந்த மாத்திரை பல மடங்கு ரத்தத்தில் இறங்கிவிடுமாம். இவர் நாலு மாத்திரை விழுங்கவில்லை, ஒரு கைப்பிடி விழுங்கியிருக்கிறார், தினமும். யார் இப்படிக் கொடுக்கச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். நான் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? சொல்லி அனுப்பியது நீங்கள்தானே. பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று நாம் யாரும் நினைக்கவில்லை என்றும் சொன்னேன்.

காரணம் தெரிந்ததால் ஒரு நல்லது. குற்றம் புதுக் கேப்ஸ்யூலின் மேல் விழாது. ஆனால் இவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்பதை மேலே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஜூன் பன்னிரண்டாம் தேதி பதில் வருமாம். அதுவரை மாத்திரை இல்லை. ஒவ்வொரு நாளும் எலும்புக்குள் என்ன நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டுதான் காலண்டர் தாளைக் கிழிக்கிறேன்.

இனிமேல் வெண்ணெய் அனுப்ப வேண்டாம். தூக்குச் சட்டியைக் கழுவி ஷிபுவிடம் கொடுத்திருக்கிறேன். கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால், ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். அனுமாரிடம் வேறு ஏதாவது வேண்டிக்கொள்ளுங்கள்.

சிவகாமி


வலியசாலை,
14.10.2024

அன்பும் மரியாதையும் மிக்க மதினிக்கு,

ஜெயித்துவிட்டோம்!

முதலில் இதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுதக் கை ஓடவில்லை. பி.எஸ்.ஏ. எவ்வளவு தெரியுமா? பூஜ்யம் புள்ளி மூன்று. இந்தத் தடவை புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது, நான் மூன்று தரம் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஸ்கேனில் இடுப்பெலும்பில் இருந்த கறுப்பெல்லாம் மங்கிப்போயிற்று. புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை. டாக்டர் ஸ்ரீஜித் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நோய் போயாச்சுன்னு சொல்லமாட்டேன், பட்சே அடங்கிக் கிடக்கு, நாம உணர்த்தாம, எழுப்பாம வச்சிருக்கலாம் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் வெளியே காத்திருந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பார்கள்.

ஜூன் பன்னிரண்டில் தொடரலாம் என்று பதில் வந்ததை ஷிபு உங்களிடம் சொல்லியிருப்பார். முதலில் இரண்டு மாத்திரை, பிறகு மூன்று, ஜூலையிலிருந்து பழையபடி நாலு. உண்மையாகவே வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெந்நீரில். கேப்ஸ்யூலும் உண்டு. அதில் மருந்தா மாவா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லா ஊரிலும் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்களாம். மாவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்து வருகிறவனுக்கு நான் ஒரு பதில் சொல்லியாச்சு என்கிறார் உங்கள் தம்பி. இப்படியெல்லாம் பேச எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை.

நவராத்திரிக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். உங்கள் பக்கத்துக் கோயில் சாமிகள் ஊர்வலமாக இங்கே கோட்டைக்கு வருகிற அன்று, கரமனையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வினீத்தோடு காரில் போனவர், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கைக் கண்டதும் இறங்கிக் கூடவே நடந்திருக்கிறார். கரமனையிலிருந்து கோட்டை வரை, மதினி! ஜனவரியில் குளியலறைக்குப் போக முடியாதவர். வினீத் பின்னாலேயே, அச்சா மதி, நடந்தது போதும், கார்ல கேறு என்று கெஞ்சிக்கொண்டு காரை நகர்த்தியிருக்கிறான். இவர் திரும்பியே பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, நெற்றியெல்லாம் குங்குமம், வாய் நிறையச் சிரிப்பு. நான் திட்டலாம் என்று வாசலில் நின்றேன். திட்ட வரவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, எங்க ஊர் அம்மனே இவ்வளவு தூரம் வந்துட்டா, அக்காதான் வரல்ல என்றார்.

நாலரை மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஷிபு கடிதம் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறீர்களாம், பதில் இல்லையாம். என் கையால இனி அவனுக்கு ஒண்ணும் போகாது, நான் தொட்டது வெஷம் என்று சொன்னீர்களாம். போன வாரம்தான் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு செய்தியைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். இந்த ஆராய்ச்சியில் சேருகிற நோயாளிகளுக்குக் கொடுக்கிற தாளில், ஆஸ்பத்திரிக் கமிட்டியில் கேட்டு, இப்போது தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பிரசாதமும் சாப்பாடுதான், மாத்திரையோடு வேண்டாம் என்று. அஸ்வதி என்னிடம்தான் தமிழ் சரியாக இருக்கிறதா என்று காட்டினாள். போன மாதம் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் மாடம்மாள் என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். அவள் புருஷனுக்கும் இதே நோய், இதே மருந்து. அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள், பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த நெய்ப் பொங்கல் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நல்லவேளை இதுல எழுதியிருக்காக, நாளைக்குக் காலையில மாத்திரையோடதான் ஊட்டலாமுன்னு வச்சிருந்தேன் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் வெண்ணெய் இல்லாவிட்டால் அந்த வரி இல்லை, மதினி. ஒரு ஆளை அது காப்பாற்றியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

மே மாதக் கடிதத்தில், பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று நாம் யாரும் நினைக்கவில்லை என்று எழுதினேன். நான் நினைத்தேன். வெறும் வயிறு என்றால் என்ன என்று அஸ்வதி எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். பால் கூடாது, பழம் கூடாது, நெய் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னாள். உங்கள் காதில் அது விழவே இல்லை. என் காதில் நன்றாக விழுந்தது. தெரிந்தே உருண்டை பிடித்தேன். பிடித்துக் கொடுத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, டைரியில் வெறும் வயிறு என்று எழுதினேன். நாலு மாதம்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் அவர் எதையும் சாப்பிடவில்லை. நான் வைத்த குழம்பு, ரசம், கஞ்சி எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பினார். அக்கா அனுப்பியது என்றால் மட்டும் வாயைத் திறந்தார். அந்த வாய் திறப்பதைப் பார்ப்பதற்காகவே கொடுத்தேன். ஒரு உருண்டைதானே, சாமி வெண்ணெய் கெடுக்குமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. நான் நிறுத்தி, அதற்குப் பிறகு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அனுமார் பிரசாதத்தை நிறுத்தினாளே பாவி என்று நீங்கள் சொல்வீர்களே என்று பயந்தேன். கடைசியில் டாக்டர் கேட்டபோது சட்டென்று உங்கள் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உங்களுக்கும் கோபமாக ஒரு கடிதம் எழுதி, என் பங்கையும் உங்கள் தலையில் ஏற்றினேன்.

சனிக்கிழமை அஸ்வதியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, டைரியில் என் கையாலேயே திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அம்மே, அது எனக்கு அன்னைக்கே தோணிச்சு, திருத்தி எழுதினது நன்னாயி என்றாள். பிறகு டைரியை மூடிவைத்துவிட்டு, மதினியோட பறஞ்ஞோ என்று கேட்டாள். இல்லை என்றேன். இப்போது சொல்லிவிட்டேன். உங்கள் தம்பிக்கு இன்னும் தெரியாது. உங்களிடம் சொல்லாமல் அவரிடம் சொல்ல எனக்கு முகமில்லை.

நீங்கள் தொட்டது விஷம் இல்லை. மூன்று வயதிலிருந்து அவர் உயிரோடு இருப்பதே நீங்கள் தொட்டதால். அதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை உண்டு, இப்போதும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷிபு நாளைக் காலையில் உங்கள் வாசலில் நிற்பார். அவரோடு புறப்பட்டு வாருங்கள். தம்பியைப் பார்க்க என்று வரக் கூச்சமாக இருந்தால், என்னைத் திட்ட என்று வாருங்கள். ஆசை தீரத் திட்டுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் வாசலிலேயே வைத்துத் திட்டி முடித்துவிடுங்கள் மதினி. உள்ளே வந்த பிறகு உங்கள் தம்பி உங்களை வேறு எதுவும் பேச விடமாட்டார்.

வாசல் கதவைத் திறந்துவைத்து நிற்கும்,
உங்கள் சிவகாமி